சூலினி 35, சலநாட்டை 36, சாலகம் 37: தமிழில் எழுதினால் கடபயாதி ஏன் சறுக்குகிறது?

ஸ்வராவளி எழுதியது:

கர்நாடக இசையின் தாய் ராகங்களான மேளகர்த்தா (சுருக்கமாக மேளம்) 72க்கும் ஓர் அட்டவணை தயாராகிக்கொண்டிருக்கிறது. பெயரைத் தமிழில் உள்ளிட்டால் எண், சக்கரம் (ஆறு மேளங்கள் கொண்ட தொகுதி), ஸ்வரங்கள் மூன்றும் வர வேண்டும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் கடபயாதி விதிப்படி முதல் இரண்டு எழுத்துகளுக்கு எண் எடுத்துத் திருப்பிப் போட்டிருக்கிறேன். கனகாங்கி 01, மானவதி 05, மாயாமாளவகௌளை 15, லதாங்கி 63 எல்லாம் சரியாக வருகின்றன. ஆனால் கமனாச்ரமத்துக்கு 53 வராமல் 51 வருகிறது. கரஹரப்ரியாவுக்கு 22 வராமல் 21. சூலினி, சலநாட்டை, சாலகம் மூன்றுக்கும் 36 என்றே காட்டுகிறது. விதி தப்பா, பெயர்கள் தப்பா?

நெடுந்தந்தி எழுதியது:

இரண்டும் சரிதான். இடையில் இருக்கிற தமிழ் எழுத்துதான் தகவலை விழுங்கிவிடுகிறது.

கடபயாதி வடமொழி எழுத்து வரிசைக்காகச் செய்யப்பட்ட முறை. அங்கே க வர்க்கத்தில் நான்கு ககரங்கள் உண்டு. வல்லின ககரத்துக்கு 1, மூச்சு சேர்ந்ததற்கு 2, 'கங்கை'யின் முதல் எழுத்துப் போல மெலிந்து ஒலிப்பதற்கு 3, அதுவே மூச்சோடு வந்தால் 4. தமிழில் நான்குக்கும் ஒரே 'க'. அதனால் கீரவாணி, கரஹரப்ரியா, கௌரிமனோஹரி மூன்றுக்கும் முதலெழுத்து க, இரண்டாவது ர என்று ஒன்றுபோலத் தெரிகிறது. உண்மையில் கீரவாணியில் முதல் ககரம் (1, ர = 2, திருப்பினால் 21), கரஹரப்ரியாவில் இரண்டாவது (22), கௌரிமனோஹரியில் மூன்றாவது (23). அடுத்தடுத்த மூன்று மேளங்களையும் பிரித்துக் காட்டுவது அந்த ஒலி வேறுபாடு மட்டும்தான்.

சூலினியும் அப்படியே. அதன் சகரம் 'சிவ'த்தின் சகரம், எண் 5. சலநாட்டையில் இருப்பது 'சக்ர'த்தின் சகரம், எண் 6. சாலகம் உண்மையில் ஸாலகம், ஸ = 7. லகரம் மூன்றிலும் 3. ஆக 35, 36, 37.

கௌசிகி எழுதியது:

இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வர்க்க எண் என்று நான் சொல்வது வடமொழியில் அந்த எழுத்து எத்தனையாவது என்பதை.

க வரிசை: வர்க்க எண்ணே மதிப்பு (1, 2, 3, 4).
ச வரிசை: வர்க்க எண்ணோடு 5 கூட்டுங்கள் (6, 7, 8, 9). ஜ மூன்றாவது, எனவே 8. அதன் மூச்சொலி வடிவம் 9.
ட வரிசை: வர்க்க எண்ணே மதிப்பு. ண = 5.
த வரிசை: வர்க்க எண்ணோடு 5 (6, 7, 8, 9). ந, ன இரண்டும் 0.
ப வரிசை: வர்க்க எண்ணே மதிப்பு. ம = 5.
ய 1, ர 2, ல 3, வ 4, சிவத்தின் ச 5, ஷ 6, ஸ 7, ஹ 8.

தமிழில் வழுக்கும் இடங்கள் ககர சகரங்களோடு நிற்பதில்லை. தானரூபி 06, தேனுகா 09: இரண்டும் த, ன. பாவனி 41, பவப்ரியா 44: இரண்டும் ப, வ. வகுளாபரணம் 14, வாகதீஸ்வரி 34. ராகவர்த்தினி 32, ரகுப்ரியா 42. ஜலார்ணவம் 38, ஜாலவராளி 39. இங்கே கிரந்த ஜ கூடக் கைகொடுக்காது, ஏனென்றால் 39இல் வருவது மூச்சொலி ஜகாரம்.

பலரும் கவனிக்காத ஜோடி ஒன்று உண்டு. நாடகப்ரியா 10, நடபைரவி 20. டகரம் 1 என்று எடுத்தால் நடபைரவியும் 10 ஆகிவிடும். அந்தப் பெயர் வடமொழியில் மூச்சொலி டகாரத்தோடு எழுதப்படுவதால்தான் 2 கிடைத்து 20 ஆகிறது. மேடையில் யாரும் அந்த மூச்சோடு உச்சரிப்பதில்லை. அதனால் காதால் கேட்டு எண் எடுப்பவர்களும் இதில் தவறுவார்கள்.

ஸ்வராவளி எழுதியது:

அருமை. அச்சுப் புத்தகங்களில் எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று சிற்றெண் போடுவார்களே, அதையே போட்டுவிடலாமா?

நெடுந்தந்தி எழுதியது:

இசை அட்டவணையில் வேண்டாம். க3 என்று பார்த்ததும் படிப்பவர் கண்ணுக்கு அந்தர காந்தாரம் என்ற ஸ்வரம்தான் தெரியும். ஸ்வரக் குறியீடும் வர்க்க எண்ணும் ஒரே எழுத்தில் மோதிக்கொள்ளும். பெயருக்குப் பக்கத்தில் தனிக் கட்டத்தில் இரண்டு இலக்கங்களை மட்டும் எழுதிவையுங்கள்: கமனாச்ரமம் என்றால் 3, 5. பெயரிலிருந்து இயந்திரமாக எண் எடுக்கும் எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது.

மந்த்ரஸ்தாயி எழுதியது:

கூட்டெழுத்தையும் மறந்துவிடாதீர்கள், அங்கேதான் பெரிய வம்பு. இலக்கியத்தில் கடபயாதி வரும்போது கூட்டெழுத்தின் கடைசி மெய்க்கே மதிப்பு. ரத்னாங்கியில் 'த்ன': ன எடுத்தால் 0, எண் 02. சரி. சூர்யகாந்தத்தில் 'ர்ய': ய = 1, எண் 17. சரி. தர்மவதியில் 'ர்ம': ம = 5, எண் 59. சரி. அதே கையோடு சக்ரவாகத்துக்குப் போனால் 'க்ர'வில் ர = 2, எண் 26. அது சாருகேசியின் எண். சக்ரவாகம் 16, ககரத்தை எடுத்தால்தான் வரும்.

முதல் மெய்யை எடுக்க வேண்டியவை: சக்ரவாகம் (16), திவ்யமணி (48), விச்வம்பரி (54), ச்யாமளாங்கி (55), சித்ராம்பரி (66), ஜ்யோதிஸ்வரூபிணி (68). இவை எல்லாவற்றிலும் பின்னால் ஒட்டுவது ய, ர, வ என்ற இடையினம். 'இடையினம் ஒட்டினால் முதல் மெய்' என்று விதியாக்கலாமே என்று தோன்றும். ஆனால் சூர்யகாந்தமும் ஷட்விதமார்கிணியும் (46, 'ட்வி'யில் வ = 4) அதற்கு அடங்கவில்லை. ஒரே விதியால் 72ஐயும் கட்ட முடியாது என்பதே என் முடிவு. விலக்குகளைக் கையால் எழுதிவிடுங்கள்.

ங்க, ந்த போன்ற மெல்லின வல்லினச் சேர்க்கையில் தொல்லை இல்லை. கடைசி எழுத்துதான்: காங்கேயபூஷணி 33, காந்தாமணி 61.

பாலைத்திரிபு எழுதியது:

ஒரு கேள்வி. பெயரைப் பிடித்துக்கொண்டு எண்ணுக்கு ஏன் ஓட வேண்டும்? எண் கையில் இருந்தால் ஸ்வரம் தானாக வந்துவிடும், ஸ்வரம் இருந்தால் எண் வந்துவிடும். அட்டவணையின் அடித்தளம் அந்தக் கணக்காக இருக்க வேண்டும். பெயர் மேலே ஒட்டும் சீட்டு மட்டும்தான்.

நெடுந்தந்தி எழுதியது:

முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். கணக்கு இதோ.

எண் 36 வரை சுத்த மத்யமம் (ம1). 36க்கு மேல் என்றால் ப்ரதி மத்யமம் (ம2), 36ஐக் கழித்துவிடுங்கள். மீதியிலிருந்து 1 கழித்து 6ஆல் வகுங்கள். ஈவோடு 1 கூட்டினால் ரி-க (ரிஷபம், காந்தாரம்) ஜோடியின் வரிசை, மீதியோடு 1 கூட்டினால் த-நி (தைவதம், நிஷாதம்) ஜோடியின் வரிசை.

ரி-க வரிசை: ரி1க1, ரி1க2, ரி1க3, ரி2க2, ரி2க3, ரி3க3. த-நி வரிசையும் அதே அச்சு: த1நி1, த1நி2, த1நி3, த2நி2, த2நி3, த3நி3.

53ஐப் போட்டுப் பாருங்கள். 53 - 36 = 17. 17 - 1 = 16. ஆறால் வகுத்தால் ஈவு 2, மீதி 4. மூன்றாவது ரி-க ஜோடி, ஐந்தாவது த-நி ஜோடி. ஸ ரி1 க3 ம2 ப த2 நி3. கமனாச்ரமம்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, 1ஐக் கழிக்காமல் நேராக 6ஆல் வகுப்பது. ஆறின் மடங்குகளில் அது உடைந்துவிடும். 36ஐ 6ஆல் வகுத்தால் ஈவு 6, மீதி 0. உடனே 'ஏழாவது சக்கரத்தின் தொடக்கம்' என்று எழுதிவிடுவார்கள். சலநாட்டை ருது சக்கரத்தின் ஆறாவது மேளம், அதாவது ஆறாவது சக்கரத்தின் கடைசி.

தலைகீழாகப் போக: (ரி-க வரிசை - 1) × 6 + த-நி வரிசை, ப்ரதி மத்யமம் என்றால் மேலும் 36.

கௌசிகி எழுதியது:

மாணவர்கள் இந்த இடத்தில் கேட்பது ஒன்று உண்டு: பன்னிரண்டு ஸ்தானங்களுக்கு (ஸ்வரம் நிற்கும் இடங்களுக்கு) ஏன் பதினாறு பெயர்? அதற்குப் பதில் தெரிந்தால் ஆறு ஜோடி ஏன் என்பதும் புரிந்துவிடும்.

ஸட்ஜத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் நடுவில் நான்கு ஸ்தானங்கள். அவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே இருப்பது ரிஷபம், மேலே இருப்பது காந்தாரம். நான்கில் இரண்டைத் தேர்ந்தால் ஆறு வழி. கீழே இருப்பது ஒருபோதும் நான்காவது ஸ்தானமாக இருக்க முடியாது, எனவே ரிஷபம் மூன்று. மேலே இருப்பது முதல் ஸ்தானமாக இருக்க முடியாது, எனவே காந்தாரமும் மூன்று. நடு இரண்டு ஸ்தானங்களும் இரண்டு பெயரும் பெறுகின்றன: சதுஸ்ருதி ரிஷபத்தின் (ரி2) இடம்தான் சுத்த காந்தாரம் (க1), ஷட்ஸ்ருதி ரிஷபத்தின் (ரி3) இடம்தான் சாதாரண காந்தாரம் (க2). மேல் பாதியிலும் இதே கதை. 6 × 6 × 2 = 72.

ஆகவே 'ரி2க1 ஏன் இல்லை' என்ற கேள்வியே எழாது. இரண்டும் ஒரே இடம்.

மந்த்ரஸ்தாயி எழுதியது:

இதிலிருந்தே விவாதி மேளங்களின், அதாவது அடுத்தடுத்த ஸ்வரங்கள் மிக நெருங்கி உரசும் மேளங்களின், எண்ணிக்கையும் வருகிறது. ரி1க1, ரி3க3, த1நி1, த3நி3 என்ற நான்கு ஜோடிகள் விவாதி. அவை இல்லாத ஜோடிகள் மேலும் நான்கு, கீழும் நான்கு. 4 × 4 × 2 = 32 மேளங்களில் விவாதி தோஷம் இல்லை. மீதி 40இலும் உண்டு. சக்கரக் கணக்கில் சொன்னால் இந்து (1), ருது (6), ரிஷி (7), ஆதித்ய (12) ஆகிய நான்கு சக்கரங்களும் முழுக்க விவாதி (24). மற்ற எட்டிலும் முதல் மேளமும் ஆறாவது மேளமும் (16).

அட்டவணையில் இதற்குத் தனிக் கட்டம் கொடுங்கள். பாடுபவருக்கு மிகவும் பயன்படும் தகவல் இதுதான். கனகாங்கியைக் கீபோர்டில் வாசித்துப் பழகுபவர்கள் ஸ ரி1 க1 என்பதை 'ஸ ரி1 ரி2' என்றே கேட்கிறார்கள். அதனால் காந்தாரம் காந்தாரமாக நிற்பதில்லை. க1ஐ மத்யமத்தின் பக்கமிருந்து இறக்கிப் பிடித்து, ரி1ஐ ஸட்ஜத்தோடு ஒட்டவைத்துப் பழகினால்தான் இரண்டும் இரண்டு ஸ்வரமாகக் கேட்கும். நாட்டை ராகத்தின் ரி3 இதற்கு நல்ல பாடம். அதை அசைவில்லாமல் நிறுத்தினால் சாதாரண காந்தாரம்தான் கேட்கும். அந்தர காந்தாரத்தைத் தொட்டு வரும் அசைவு அதை ரிஷபமாக்குகிறது.

பாலைத்திரிபு எழுதியது:

விவாதி பற்றிப் பேச்சு வந்ததால் இரண்டு மேள மரபுகளையும் பிரித்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அட்டவணையில் பெயர்கள் கலந்துவிடும்.

விஜயநகரத்து ராமாமாத்யர் 1550இல் எழுதிய நூலில் 20 மேளங்கள். அடுத்த நூற்றாண்டில், தஞ்சை விஜயராகவ நாயக்கர் காலத்தில், கோவிந்த தீக்ஷிதரின் மகன் வேங்கடமகி சதுர்தண்டி ப்ரகாசிகை என்ற நூலில் 72 என்ற கணக்கைப் போட்டார். கணக்கு 72 வந்தாலும் தம் காலத்தில் வழக்கில் இருந்தவை என்று அவர் விளக்கியவை 19 மட்டுமே. அந்த 19இல் முதல் மேளத்தின் பெயர் முகாரி, அதாவது எல்லாம் சுத்த ஸ்வரங்களாக வரும் மேளம். இன்றைக்கு நாம் பாடும் முகாரி 22இன் ஜன்யம் (அதிலிருந்து பிறந்த ராகம்). பெயர் அதேதான், ராகம் இருக்கும் இடம் வேறு.

பிறகு வந்த பெயர்ப் பட்டியல்கள் இரண்டு. ஒன்று கனகாம்பரி, பேனத்யுதி என்று தொடங்குவது. முத்துஸ்வாமி தீக்ஷிதர் வழி வந்தது. சுப்பராம தீக்ஷிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி இந்த வரிசையில்தான் ராகங்களை அடுக்குகிறது. மற்றது கோவிந்தாசார்யரின் கனகாங்கி, ரத்னாங்கி வரிசை. இப்போது எங்கும் கற்பிக்கப்படுவது இதுதான்.

வேறுபாடு பெயரில் மட்டும் இல்லை. கனகாங்கி வரிசையில் மேளம் என்றால் ஆரோகணம் (ஏறுவரிசை), அவரோகணம் (இறங்குவரிசை) இரண்டிலும் ஏழு ஸ்வரமும் நேர்வரிசையில் வர வேண்டும். கனகாம்பரி வரிசையில் ஏறுவதிலும் இறங்குவதிலும் சேர்த்து ஏழும் வந்தால் போதும். கனகாம்பரியே ஸ ரி ம ப த ஸ என்று ஏறி ஸ நி த ப ம க ரி ஸ என்று இறங்குகிறது. ஏறும்போது ரி1க1, த1நி1 உரசல் இல்லை பாருங்கள். விவாதியைக் கையாள அந்த மரபு கண்ட வழி அது. எனக்கு அது அழகான தீர்வாகவே படுகிறது.

கௌசிகி எழுதியது:

22இல் வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். தீக்ஷிதர் மரபில் அந்த மேளத்தின் தலைவர் ஸ்ரீராகம். ஏறுவது ஸ ரி ம ப நி ஸ. கனகாங்கி வரிசையில் அதே இடத்தில் கரஹரப்ரியா. எண், ஸ்வரங்கள் எல்லாம் ஒன்றே, ராகங்கள் வேறு. அதனால் 'கரஹரப்ரியாவின் இன்னொரு பெயர் ஸ்ரீராகம்' என்று ஒரே கட்டத்தில் எழுதிவிடாதீர்கள்.

பந்துவராளியிலும் கவனம். இன்று பொதுவாகப் பந்துவராளி என்றால் 51, காமவர்த்தினி. தீக்ஷிதர் மரபில் 51 காசிராமக்ரியா. பந்துவராளி என்பது 45இன் பெயர். தீக்ஷிதர் மரபில் அது சிவபந்துவராளி, கனகாங்கி வரிசையில் சுபபந்துவராளி. கீர்த்தனைப் புத்தகத்தில் பந்துவராளி என்று பார்த்தால் எந்தப் பாடாந்தரம் (பாடும் மரபு) என்று கேட்டுவிட்டுக் காந்தாரத்தைப் பிடியுங்கள். 45இல் க2, 51இல் க3.

ஸ்வராவளி எழுதியது:

ஜன்யங்களையும் சேர்க்க ஆசை. ஆரோகண அவரோகணத்தைக் கொடுத்தால் தாய் மேளத்தைக் கண்டுபிடிக்கும்படி செய்யலாமா?

நெடுந்தந்தி எழுதியது:

செய்யலாம், ஆனால் ஒரே விடை வராது. மோஹனத்தில் ஸ ரி2 க3 ப த2. மத்யமம் இல்லை, நிஷாதம் இல்லை. 28, 29, 64, 65 நான்கிலும் அது அடங்கும். மரபில் 28இல் வைக்கிறோம். ஹிந்தோளத்தில் ரிஷபமும் பஞ்சமமும் இல்லை: 8, 20 இரண்டும் பொருந்தும். இரண்டையும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஹம்ஸத்வனிக்கு ஆறு வாய்ப்புகள்: 27, 29, 30, 63, 65, 66. வழக்கத்தில் 29.

எனவே கட்டத்தின் தலைப்பைப் 'பொருந்தும் மேளங்கள்' என்று வையுங்கள். அதற்குப் பக்கத்தில் 'மரபில் சொல்வது' என்று இன்னொன்று. விடுபட்ட ஸ்வரத்தைக் கணக்கால் நிரப்ப முடியாது. ராகத்தின் சாயல், எந்த ராகங்களோடு அதற்கு உறவு என்பதையெல்லாம் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள்.

தாய் மேளத்தில் இல்லாத ஸ்வரமும் வரும் பாஷாங்க ராகங்களில் இன்னொரு சிக்கல். பைரவியில் த2 ஏறும்போது, த1 இறங்கும்போது. எந்த மேளத்திலும் இரண்டு தைவதம் கிடையாது. இயந்திரம் 'மேளம் இல்லை' என்று சொல்லிவிடும். அன்னிய ஸ்வரம் என்று தனியாகக் குறிக்க இடம் வேண்டும்.

பாலைத்திரிபு எழுதியது:

தமிழில் அட்டவணை போடுவதால் ஒரு வேண்டுகோள். பழந்தமிழ் இசையின் ஏழு பாலைகளான ஏழ்பெரும்பாலைக்கு ஒரு கட்டம் ஒதுக்குங்கள். வகைப்படுத்தும் முறையே வேறு அங்கே: ஸ்தானங்களைச் சேர்த்துக் கணக்கிடுவதில்லை, ஒரே நரம்பு (ஸ்வர) வரிசையில் குரலை, அதாவது ஆதார ஸ்வரத்தை, நகர்த்திப் பண்ணுப்பெயர்ப்பது, அதாவது வேறு பண் பெறுவது. செம்பாலையை ஹரிகாம்போதி (28) என்று கொள்வது பரவலான கருத்து. அப்படிக் கொண்டால் ரிஷபத்தைக் குரலாக்கப் படுமலைப்பாலை நடபைரவி (20) ஆகிறது. மத்யமத்தில் அரும்பாலை சங்கராபரணம் (29), பஞ்சமத்தில் கோடிப்பாலை கரஹரப்ரியா (22), தைவதத்தில் விளரிப்பாலை தோடி (8), நிஷாதத்தில் மேற்செம்பாலை கல்யாணி (65). காந்தாரத்தில் வரும் செவ்வழிப்பாலைக்கு மட்டும் பஞ்சமம் கிடைக்காமல் இரண்டு மத்யமம் வருகிறது. பஞ்சமம் இல்லாமல் மேளகர்த்தா இல்லை, அதனால் 72இல் அதற்கு இடமில்லை. விளிம்பில் நிற்கும் அந்த ஒன்றைக் காலியாக விடாமல் குறிப்போடு எழுதுங்கள்.

மந்த்ரஸ்தாயி எழுதியது:

பெயர் தேடும் பெட்டி வைப்பதாக இருந்தால் முன்னொட்டைப் பாருங்கள். தோடி, கல்யாணி, சங்கராபரணம், பைரவி எல்லாம் மேளப் பெயர்களுக்குக் கடபயாதியைப் பயன்படுத்துவதற்கு முன்பே புழங்கிய பெயர்கள். எண் வருவதற்காகவே ஹனும, மேச, தீர, நட என்று முன்னால் ஒட்டினார்கள். வெறும் சங்கராபரணத்துக்கு எண் எடுத்தால் 5, 1. திருப்பினால் 15, மாயாமாளவகௌளையில் போய் நிற்கும். தீரசங்கராபரணம் 9, 2: 29. வெறும் காம்போதி 41 ஆகிப் பாவனியில் நிற்கும்; ஹரிகாம்போதி 8, 2: 28.

ஸ்வராவளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஸ்வரத்திலிருந்து வரும் எண்ணை ஒரு கட்டத்தில், பெயருக்குக் கையால் எழுதிய இலக்கங்களிலிருந்து வரும் எண்ணை மற்றொன்றில் வைத்து ஒப்பிட்டேன். விலக்குகளைச் சேர்த்த பிறகு 71 பொருந்துகின்றன. 24க்கு வருணப்ரியா என்றாலும் வீரவஸந்தம் என்றாலும் 4, 2 என்றே வந்தது மனநிறைவாக இருந்தது. ஸிம்ஹேந்த்ரமத்யமம் மட்டும் நிற்கிறது: ரி2க2 நான்காவது, த1நி3 மூன்றாவது, 18 + 3 + 36 = 57. பெயரில் ஸ = 7, ஹ = 8. 87 வருகிறது. அப்படி ஒரு மேளமே இல்லையே?

மந்த்ரஸ்தாயி எழுதியது:

'ம்ஹ'வில் ஹகாரத்தை விடுங்கள், மகரத்தை எடுங்கள். ஸ 7, ம 5. திருப்பினால் 57.